துணியில் ஏறிய கறுப்பு

"அந்தப் பெரிய தட்டைத் தொடாதீங்க. சொல்லிட்டேன்."

இசக்கிச்செல்வி இதை ஒரு தடவை சொல்லவில்லை, மூன்று தடவை சொன்னாள். காப்பி கொடுக்கும்போது ஒரு தடவை, இட்லி வைக்கும்போது ஒரு தடவை, அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுக்கும்போது ஒரு தடவை. மூன்று தடவையும் வன்னியராஜ் "ம்" என்றார். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் அந்த "ம்"மை அவள் நன்றாகவே அறிவாள். காதில் விழுந்தாலும் "ம்"தான், விழாவிட்டாலும் "ம்"தான்.

"என்ன தட்டு? சொல்லுங்க பாப்போம்."

"ஏட்டி, காலங்காத்தால பரீட்சையா வைக்க? பெரிய தட்டு. தொடக்கூடாது. போதுமா?"

திருநெல்வேலி டவுனிலிருந்து குறுக்குத்துறை போகிற சாலையில் அவர்கள் வீடு. வாசலில் பலகை தொங்கும்: 'வன்னி சவுண்ட் சர்வீஸ்.' அதற்குக் கீழே, போன வருஷம் எழுதின புது எழுத்தில், 'பழைய இசைத்தட்டுகள் மெஷினில் சுத்தம் செய்து தரப்படும்.' கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டின வன்னியராஜ், அந்தத் தொழில் படுத்துப் போனபோது போனில் எதையோ பார்த்து இந்த மெஷினை வரவழைத்தார். எவர்சில்வர் தொட்டி, ஆறு லிட்டர் கொள்ளும். தட்டை ஒரு கம்பியில் கோத்துச் செங்குத்தாகத் தண்ணீரில் பாதி முங்க வைத்துச் சுற்றவிட்டால், காதுக்கு எட்டாத சத்தம் தண்ணீருக்குள் ஓடி, கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் கோட்டுக்குக் கோடு வெடித்து, ஐம்பது வருஷ அழுக்கையும் கிளப்பிக்கொண்டு வந்துவிடும்.

வரவழைத்தது அவர். ஓட்டுவது அவள்.

முதல் வாரம் அவர்தான் ஓட்டினார். தாமிரபரணித் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றினார்.

"பேட்டரிக்கு ஊத்துற தண்ணிதான் ஊத்தணும்னு பொஸ்தகத்துல போட்டிருக்கே," என்றாள்.

"போடுவான். அவன் ஊருல ஆறு கிடையாது, போடுதான். நம்ம ஊரே குடிச்சு வளந்த தண்ணி, இந்தப் பிளாஸ்டிக் தட்டுக்கு ஆகாதாக்கும்?"

ஆகவில்லை. காய்ந்ததும் தட்டெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. முள்ளை வைத்தால் பாட்டோடு சேர்த்துக் கடுகு தாளிக்கிற சத்தம். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் வரவில்லை. பேட்டரித் தண்ணீர் வாங்கியவள் அவள். அதில் எத்தனை கரண்டி ஸ்பிரிட், எத்தனை சொட்டுச் சோப்பு என்று கண்டுபிடித்தவள் அவள். நடுவில் ஒட்டியிருக்கிற காகிதம் நனையாமலிருக்க டிபன் பாக்ஸ் மூடி இரண்டையும் குக்கர் ரப்பரையும் வைத்து உறை செய்தவள் அவள். சூடு ஏறினால் தட்டு அப்பளமாக வளைந்துவிடும் என்று தொட்டியில் விரலை விட்டு விட்டுப் பார்க்கிறவளும் அவள். மதுரையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் பார்சல் வந்தது. பெயர் என்னவோ வன்னிக்கு. அதுபற்றி அவளுக்கு அன்றுவரை பெரிய வருத்தம் இருந்ததில்லை. சோறு வெந்தால் சரி, அடுப்பு யார் பெயரில் இருந்தால் என்ன என்று இருந்தாள்.

அவள் தொடாதே என்ற தட்டு நாலு நாளைக்கு முன்னால் வந்தது. பார்சலில் வரவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கேயிருந்து முத்துராணி என்கிற அம்மாள், கட்டைப்பையில் பழைய சேலை சுற்றி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு வருவதுபோல் கொண்டுவந்தாள். அறுபது தாண்டின உடம்பு. வாழைத்தோட்டத்துக் கூலி வேலையில் கறுத்துக் காய்ந்த கை.

"மெஷின் வச்சிருக்கது நீயா, அவரா?"

"நாந்தான்க்கா பாக்கேன்."

"அப்ப உன் கையில குடுக்கேன். எங்க அம்மா பாடினது இதுல இருக்கு."

நடுவில் ஒட்டின சிவப்புக் காகிதத்தில், வில்லுப்பாட்டுக் குழுவை நடத்துகிற அண்ணாவி பெயர்தான் அச்சாகியிருந்தது. முத்துராணி கதையைச் சொன்னாள். அவள் பிறப்பதற்கு முந்தின வருஷம், மதுரைக்குப் போய்த் தட்டு போட்டிருக்கிறார்கள். அவள் அம்மா சுடலைவடிவு குழுவில் பின்பாட்டு. அன்றைக்கு மட்டும் அண்ணாவி பாடவில்லை, அம்மாவைப் பாட விட்டார்.

"எங்க ஊரு முப்பிடாதி அம்மன் மேல பாடின பாட்டு. அடுத்த வாரம் செவ்வாக்கிழமை கொடை. அம்மன் பாட்டு பாடினவ வீட்டுக்கு மொத மாலைன்னு கமிட்டியில பேசியிருக்காங்க. ரைஸ்மில்லு சுடலைராஜ் இருக்காம்லா, பாடினது அவன் அம்மாங்கான். அவன் அம்மாவும் அந்தக் குழுவுல இருந்தவதான், இல்லங்கல. ஆனா பாடினது எங்க அம்மா."

"அதை எப்படிக்கா காட்டுதது?"

"கடைசில பேரைச் சொல்லியிருக்கேன்னு எங்க அம்மா சொல்லுவா. பாட்டு முடிஞ்சதும், ஊசி நிக்கதுக்கு முன்னால. நாங்க அதைக் கேட்டதில்ல. தட்டு இருந்துச்சு, போட்டுக் கேக்கப் பெட்டி எங்க இருந்துச்சு? ஒருக்க ஏரல்ல ஒரு கடையில போட்டுப் பாத்தேன். ஒரே எரைச்சல். பேரு வெளங்கணும், தாயி. எனக்கு மாலை கீலை வேண்டாம். அந்தப் பேரு அங்கன கேக்கணும்."

இசக்கிச்செல்வி தட்டைக் கையில் வாங்கியதுமே கனத்தைக் கொண்டு அறிந்துகொண்டாள். இது இப்போதைய பிளாஸ்டிக் தட்டு இல்லை, அரக்குத் தட்டு. கீழே விழுந்தால் ஓடு உடைகிற மாதிரி உடையும். மெஷினில் இறக்கக் கூடாது. ஏனென்றால் மெஷின் தண்ணீரில் ஸ்பிரிட் இருக்கிறது. அவள் அப்பா பேட்டையில் மர பாலிஷ் மேஸ்திரி. அரக்குச் சில்லை ஸ்பிரிட்டில் போட்டு மூடி வைப்பார். மறுநாள் திறந்தால் சில்லு இருக்காது, தேன்போலக் குழம்பு இருக்கும். அரக்குக்கும் ஸ்பிரிட்டுக்கும் உள்ள பகை அவளுக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் நாலு நாள் கழித்து, அன்று விடியுமுன்னே எழுந்து, வெறும் பேட்டரித் தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் பைய, கோட்டின் போக்கிலேயே சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். நாலு தண்ணீர் மாற்றினாள். ஐந்தாவது தண்ணீர் தெளிந்தே இருந்தது. நிழலில் காயவைத்து, இதற்கென்று வைத்திருந்த தடித்த முள்ளை மாட்டி, ஒரே ஒரு தடவை போட்டாள்.

குடமும் உடுக்கையும் தூரத்தில். குரல் கிட்டத்தில். இளங்குரல், கொஞ்சம் மூக்கால் வந்தது, ஆனால் அஞ்சாத குரல். பாட்டு முடிந்தது. அப்புறம், சோற்றுக்குப் போகிற அவசரத்தில் சொல்வதுபோல இரண்டு பேச்சு.

இசக்கிச்செல்வி முள்ளைத் தூக்கினாள். உடனே முத்துராணிக்குப் போன் போட்டாள்.

"அக்கா! பேரு இருக்கு! தெளிவா இருக்கு!"

"என்ன சொல்லுதா?"

"உங்க அம்மா பேருதான். அப்புறம் இன்னும்..."

"சொல்லாத, சொல்லாத! நாளைக்கு நான் வாரேன். மொத நாங் கேக்கணும். அதுவரைக்கும் எவனுக்கும் போட்டுக் காட்டாத. போன்ல கீன்ல பிடிக்காத. எங்க அம்மாவை நான் கேக்கதுக்கு முன்னால ஊரு கேக்கப்படாது."

"சரிக்கா. ஆணையா போடல."

தட்டைத் துணி விரித்த தாங்கியில் சாத்திவைத்தாள். அதற்குப் பிறகுதான் அந்த மூன்று தடவை.

பதினோரு மணிக்கு சல்மான் ஃபாரிஸ் வந்தார். மேலப்பாளையத்துக்காரர், முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். ஊர்த் தொழில்களைப் படம் பிடித்து யூடியூபில் போடுகிறவர். மூன்று கால் ஸ்டாண்டு, விளக்கு, சட்டைக் காலரில் குத்துகிற மைக் எல்லாம் கொண்டுவந்திருந்தார். மரியாதையான பிள்ளை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

வன்னியராஜ் இஸ்திரிச் சட்டைமேல் சென்ட் அடித்திருந்தார்.

"ஏட்டி, நீ உள்ள இருந்துக்க. வடை சுடு. நடுவுல நடுவுல வந்து பேசாத. படம் கெட்டுப்போவும்."

"மெஷினைப் பத்தி எதுவும் கேட்டா?"

"எனக்குத் தெரியாதா? மெஷின் வாங்கினவன் யாரு?"

அடுப்படியிலிருந்து அவளுக்கு எல்லாம் கேட்டது.

"அண்ணாச்சி, இந்தக் கலையை எப்படிக் கத்துக்கிட்டீங்க?"

"கத்துக்கிடதென்ன தம்பி, கையில வரணும். நாப்பது வருசச் சவுண்டு சர்வீசு. தட்டைப் பாத்த ஒடனே எனக்குச் சொல்லும், என்ன சீக்குன்னு."

'சொல்லும், சொல்லும்' என்று எண்ணெயில் வடையைத் தட்டினாள் இசக்கிச்செல்வி.

"இந்த மூடியில ரப்பர் வச்ச ஐடியா, அருமையா இருக்கு. உங்க ஐடியாவா அண்ணாச்சி?"

"ஆமா, அது ஒரு நாள் சும்மா உக்காந்திருக்கும்போது தோணிச்சு."

வடை ஒன்று கருகிப் போனது.

"அண்ணாச்சி, மெஷினை எடுத்தாச்சு. இப்ப உங்க கையால ஒண்ணு தொடைக்க மாதிரி எடுத்தா நல்லாருக்கும். கொஞ்சம் பழசா, பாக்க அழகா ஒரு தட்டு இருக்கா?"

"இல்லாமலா? இந்தா!"

அவள் டீத் தட்டோடு அடுப்படி வாசலுக்கு வந்தபோது அவர் ஆரம்பித்திருந்தார். முதல் தேய்ப்பில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதோ ஒரு தட்டு என்றுதான் நினைத்தாள். இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் நனைத்த வெள்ளைத் துணியால், பாட்டு முடிகிற நடுக் காகித ஓரத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தேய்த்தார். இரண்டாவது தேய்ப்பில் காகிதத்தின் சிவப்பைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

சல்மான் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கிக் காட்டினார். "ஒரே நிமிசம்க்கா, ஓடிக்கிட்டிருக்கு."

அவள் வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவது தேய்ப்பு.

வன்னியராஜ் துணியைக் கேமராவுக்கு நேரே விரித்துக் காட்டினார். வெள்ளைத் துணியில் தார் பூசினது போலக் கறுப்பு.

"பாத்தீங்களா? அறுவது வருச அழுக்கு! இப்படித்தான் வரும்!"

"யப்பா!" என்றார் சல்மான். "எவ்வளவு அழுக்கு!"

காலையில் ஐந்தாவது தண்ணீர் தெளிந்தே இருந்தது. அவள் கையால் கழுவினது. அந்தத் தட்டில் ஒரு பொட்டு அழுக்குக் கிடையாது. அப்படியானால் அந்தக் கறுப்பு என்ன? நாலாவது தேய்ப்புக்கு அவர் பக்கத்திலிருந்த பாட்டிலைச் சாய்த்துத் துணியை மறுபடி நனைத்தார். அப்பாவின் பட்டறை வாசம் குப்பென்று வந்தது.

டீத் தட்டு கீழே விழுந்தது.

"அது அழுக்கில்ல! அது பாட்டு! ஏ மனுசா, விடும்! கையை எடும் அதுல இருந்து!"

கோபம் ஏறினால் அவள் வாயில் 'நீங்க' என்பது 'நீரு' ஆகிவிடும். இருபத்தேழு வருஷத்தில் இரண்டு தடவைதான் ஆகியிருக்கிறது.

"ஏட்டி, படம் எடுக்காங்கன்னு சொன்னேம்லா..."

"அரக்கு வே அது! ஸ்பிரிட்டு பட்டா கரையும்! எங்க அப்பன் பட்டறையில நாத்தத்தோட வளந்தவ நான், என்கிட்டக் கேக்கக்கூடாதா? மூணு மட்டம் சொன்னேனே தொடாதேயும்னு!"

"ஸ்பிரிட்டுதான? டேப்பு ஹெட்டை இருவது வருசம் ஸ்பிரிட்டு போட்டுத்தான் தொடைச்சேன். ஒரு ஹெட்டு கெட்டிருக்கா?"

"ஹெட்டு இரும்பு! இது அரக்கு! உமக்குத் தெரிஞ்சது ஒரு பாட்டில், அதை எல்லாத்துலயும் ஊத்துவீரு!"

சல்மான் கேமராவை அணைத்துவிட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "அக்கா, நான் கையைக் காட்டாம இருந்திருந்தா..."

"நீங்க காட்டினீங்க. நான் நின்னேன்லா, தம்பி. அதுக்கு என்னத்தச் சொல்ல."

அவர் ஸ்டாண்டை மடக்கிக்கொண்டு, இந்தப் படத்தைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் தட்டைப் பாட்டுப் பெட்டியில் வைத்தாள். முள் இரண்டு தடவை வழுக்கியது. பாட்டு ஆரம்பித்தது. நன்றாக இருந்தது. குரல் ஏறி, இறங்கி, அம்மனைக் கூப்பிட்டு, முக்கால்வாசி வந்தது. அப்புறம் சட்டியில் மணல் வறுக்கிற சத்தம். கடைசிவரைக்கும் மணல். அண்ணாவி பெயர் அச்சான காகிதத்துக்கு மட்டும் ஒரு கேடுமில்லை.

"பாட்டுல முக்காவாசி இருக்கே," என்றார் வன்னியராஜ்.

அவள் முள்ளைத் தூக்கி வைத்தாள்.

"அறுவது வருசத் தட்டுட்டி. ஏற்கெனவே கடைசில அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிருவோம். யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"நீ சொல்லாட்டி?"

"பேரு இருக்குன்னு போன்ல சொல்லிட்டேன்."

"எரைச்சல்ல அப்படித் தோணிச்சுக்கான்னு சொல்லு. ஒரு வார்த்தைதான? ஏட்டி, ரோசிச்சுப் பாரு. தட்டைக் கெடுத்துட்டான்னு ஊருல தெரிஞ்சா நாளைக்கு எவன் தட்டு அனுப்புவான்? வன்னிங்கற பேரே போயிரும்."

இசக்கிச்செல்வி எழுந்து நின்றாள்.

"உம்ம பேரா? அந்தப் பொம்பள ஆயுசுல ஒரே ஒரு மட்டம் தன் பேரைச் சொல்லியிருக்கா. அதைத் துணியால தொடைச்சுட்டு, 'பாத்தீங்களா அழுக்கு'ன்னு விரிச்சுக் காட்டினீரு. இப்ப நான் என் வாயாலயே அவ பேரு இல்லன்னு சொல்லணும், உம்ம பேரு நிக்கதுக்கு! சொல்ல மாட்டேன். நாளைக்கு அவ இங்க வரவும் வேண்டாம். நீரு என் கூட வாரீரு, அவ வீட்டு வாசல்ல நின்னு நீரு சொல்லுதீரு. வரலன்னா மெஷினைத் தெருவுல தூக்கி வச்சிருவேன்."

"யாருகிட்டப் பேசுதன்னு தெரிஞ்சுதான் பேசுதியா?"

"தெரிஞ்சுதான் பேசுதேன். இத்தனை நாளும் தெரிஞ்சுதான் பேசாம இருந்தேன்."

மறுநாள் காலை திருச்செந்தூர் பாசஞ்சரில் இருவரும் எதிரெதிராக உட்கார்ந்து போனார்கள். அவள் மடியில் தட்டு. செய்துங்கநல்லூரில் வண்டி நின்றதும் வன்னியராஜ், "ஒரு டீ குடிச்சுட்டு வந்துருதேன்," என்று எழுந்தார்.

"உக்காரும். டீ குடிக்க எறங்கினா நீரு ஏற மாட்டீரு."

எதிரே இருந்த பூக்காரி சிரித்துவிட்டாள். அவர் உட்கார்ந்தார்.

முத்துராணி வாழைத்தோட்டத்தில் இலைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும், "நாந்தான வாரேன்னேன்?" என்று நாரும் கையுமாக எழுந்தாள். புருஷன் முகத்தையும் பொண்டாட்டி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"சொல்லும்," என்றாள் இசக்கிச்செல்வி.

வன்னியராஜ் சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, ஸ்பிரிட் என்றும் துணி என்றும் தெரியாமல் என்றும் சொன்னார். முத்துராணி அவரை முழுக்கச் சொல்லவிட்டாள். சொல்லி முடித்ததும் அவரைப் பார்க்கவே இல்லை. இசக்கிச்செல்வி பக்கம் திரும்பினாள்.

"நான் இவரு கையிலயா குடுத்தேன்?"

"இல்லக்கா."

"இவரு தேய்க்கும்போது நீ எங்க நின்ன?"

"அடுப்படி வாசல்ல."

"எத்தனை தேய்ப்பு தேய்ச்சாரு?"

"மூணு, நாலு..."

"மூணா, நாலா?"

"ரெண்டாவதுலயே எனக்குத் தெரிஞ்சிட்டு, அக்கா. நாலாவதுக்குத்தான் சத்தம் போட்டேன்."

"ஏன்?"

"படம் எடுத்துக்கிட்டிருந்தாங்க. ஒரு நிமிசம்னாங்க."

"படமா!" முத்துராணி கையிலிருந்த இலைக்கட்டைத் தரையில் ஓங்கி அடித்தாள். "எங்க அம்மாளும் இப்படித்தாண்டி இருந்தா. அண்ணாவி பேசுதாரு, அண்ணாவி சாப்பிடுதாரு, அண்ணாவி தூங்குதாருன்னு வாயைப் பொத்திக்கிட்டே கெடந்தா. பின்பாட்டு, பின்பாட்டு, பின்பாட்டு! ஒரு நாளு, ஒரே ஒரு நாளு வாயைத் தொறந்து, பாடினது நாந்தாம்னு சொன்னா. அந்த ஒண்ணைப் புருசனும் பொண்டாட்டியுமாச் சேந்து தொடைச்சுட்டு வந்து நிக்கீங்க. அவரு தெரியாமச் செஞ்சாரு. நீ தெரிஞ்சு நின்ன. யாரு பெரிய பாவி, சொல்லு!"

இசக்கிச்செல்விக்கு அழுகை வரவில்லை. அழுதால் இவள் மன்னித்துவிடுவாளோ என்று அவளுக்குப் பயமாகக்கூட இருந்தது. முதல் நாள் புருஷன்மேல் எழும்பின அதே தீ இப்போது தன் பக்கம் திரும்பிச் சுட்டது. சுடட்டும் என்று நின்றாள்.

"நாந்தான்," என்றாள்.

வாழைக்குள் காற்று அடித்தது. முத்துராணி மூச்சு வாங்கினாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நீ கேட்டியா? நெசமாக் கேட்டியா, இல்ல சும்மா சொன்னியா?"

"கேட்டேன்."

"அவ சொன்னாப்புலயே சொல்லு."

"'பாடினது சுடலைவடிவு. அண்ணாவிக்குத் தொண்டைக் கட்டு.'"

முத்துராணி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"தொண்டைக் கட்டுன்னா சொன்னா? அதையுமா தட்டுல சொன்னா? அந்தாளு அதுக்குத்தான் ஒரு மாசம் அவளைக் குழுவுல சேக்கலன்னு சொல்லுவா! எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டா. 'சும்மா ஒரு உண்மையைச் சொன்னேன்'ம்பா." கண்ணைத் துடைத்தாள். துடைத்ததும் பழைய கோபம் அப்படியே இருந்தது. "செவ்வாக்கிழமை வந்து இதை ஊரு முன்னால சொல்லு."

"அவளுக்கு மைக்குல பேசிப் பழக்கமில்ல," என்று வன்னியராஜ் இழுத்தார். "வேணும்னா நான்..."

"நீரு கேக்கல வே," என்றாள் முத்துராணி. "கேட்டவ அவ."

செவ்வாய்க்கிழமை மதியக்கொடை. முப்பிடாதி அம்மனுக்குப் பந்தல், பந்தலுக்கு மேலே நாலு திசைக்கும் குழாய். தீபாராதனை முடிந்து வெயில் உச்சியில் நின்றது. கமிட்டித் தலைவர் சொல்ல, இசக்கிச்செல்வியே பெட்டியில் தட்டை வைத்தாள். பாட்டு குழாய் வழியே வயல் வரைக்கும் போனது. பேசிக்கொண்டிருந்த சனம் அடங்கியது. பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள். முக்கால்வாசி வந்தது. அப்புறம் நாலு குழாயிலும் மணல் வறுத்தது.

சுடலைராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். சந்தனம் பூசிய கழுத்து மாலைக்குத் தயாராக இருந்தது.

"எங்க வே பேரு? எண்ணெய்ச்சட்டியில தண்ணி விழுந்த சத்தம்லா வருது? உங்க அம்மா பேரு 'ஸ்ஸ்ஸ்'ஸா, முத்துராணி?"

சிரித்தார்கள். இசக்கிச்செல்வி மைக்கைக் கையில் எடுத்தாள்.

"இந்தத் தட்டைக் கழுவினவ நான். நாலு நாளைக்கு முந்திக் காலையில கழுவி, போட்டுக் கேட்டேன். கடைசில 'பாடினது சுடலைவடிவு, அண்ணாவிக்குத் தொண்டைக் கட்டு'ன்னு அந்த அம்மாளே சொன்னாங்க. தெளிவாக் கேட்டேன். அன்னைக்கே எங்க வீட்டுல வச்சு அந்த எடம் அழிஞ்சுபோச்சு."

"யாரு அழிச்சா?"

அவள் வன்னியராஜைப் பார்த்தாள். அவர் பந்தல் காலோரம், ஆம்ப்ளிஃபையர் மேசைப் பக்கம் நின்றிருந்தார். பழக்கதோஷம், எங்கே குழாய் கட்டியிருந்தாலும் கால் அங்கேதான் போகும். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"நாந்தான் கெடுத்தேன். ஸ்பிரிட்டைப் போட்டு."

"அட்ரா சக்கை!" என்று சுடலைராஜ் கையைத் தட்டினார். "கெடுத்தது புருசன். சாட்சி பொண்டாட்டி. நல்லாருக்கு வே நியாயம்! ஏம்மா, உனக்கு முத்துராணி என்ன தந்தா?"

"ஏச்சு தந்தா," என்றாள் இசக்கிச்செல்வி. "வயிறு நெறைய ஏச்சு. வாங்கிக்கிட்டுத்தான் வந்து நிக்கேன். பொய் சொல்லணும்னா, பேரே இல்லன்னு சொல்லிட்டு நாங்க வீட்டுல இருந்திருப்போம். எங்க பொழப்பு தப்பிச்சிருக்கும். தட்டைக் கெடுத்தவங்கன்னு நாலு குழாயில எங்களை நாங்களே சொல்லிக்கிடதுக்கு எவளாவது ரயிலேறி வருவாளா?"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. தலைவர் கையமர்த்தினார். அவருக்குச் சுடலைராஜின் ரைஸ்மில்லும் வேண்டும், ஊர்ப் பேச்சும் வேண்டாம்.

"சரி சரி. ரெண்டு பக்கமும் சாட்சி பத்தாது. மாலையை அம்மனுக்கே சாத்திருவோம். யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம். ஏம்மா, மைக்கைக் குடுத்துரு."

"மாலையை எவன் கேட்டான்?" முத்துராணி பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்தாள். "அம்மனுக்குப் போடுங்க, ஆட்டுக்குப் போடுங்க. எங்க அம்மா பேரை அழிச்ச வீட்டுக்காரி இங்கன நிக்கா. அவ சொல்லட்டும். ஏ செல்வி, பேரை இன்னொரு மட்டம் சொல்லு!"

"பாடினது சுடலைவடிவு!"

தலைவர் குழாய்க்காரனைப் பார்த்துக் கையால் கத்தரி வெட்டிக் காட்டினார். குழாய்க்காரன் சத்தத்தைக் குறைக்கிற திருகைத் தொடப் போனான். வன்னியராஜின் கை அதற்கு முன்னால் போய் அதன்மேல் இருந்தது. அடைக்கப் போகிறார் என்றுதான் இசக்கிச்செல்வி நினைத்தாள்.

"கையை எடும்வே," என்றான் குழாய்க்காரன்.

"எடுக்க மாட்டேன். பேசி முடிக்கட்டும்," என்றார் வன்னியராஜ்.

அவளுக்கு மனசு இளகவில்லை. செய்ததற்கு இது கால்வாசிகூட ஆகாது. வீட்டுக்குப் போனால் பலகை விஷயம் இருக்கிறது, அந்த ரப்பர் மூடி விஷயம் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"பாடினது சுடலைவடிவு! அண்ணாவிக்குத் தொண்டைக் கட்டு!"

பெண்கள் பக்கம் யாரோ குபீரென்று சிரித்தார்கள். "அந்தாளுக்கு எப்பவும் தொண்டைக் கட்டுத்தான்னு எங்க ஆத்தாளும் சொல்லுவா!" என்று ஒரு குரல். சுடலைராஜ் திரும்பி, "யாரு அது?" என்று அதட்டினார். சிரிப்பு மட்டும் பானைக்குப் பானை தாவியது.

முத்துராணி சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கி, குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு மட்டம்," என்றாள்.

இசக்கிச்செல்வி சொன்னாள்.